பிளினி கண்ட இலங்கையும் பிளினி வாழ்ந்த உரோமும்

பண்டைய உரோமரின் ஆட்சிமுறையையும் சமுதாயத்தையும் அன்றாட வாழ்வையும் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். அதற்கு நுழைவாயிலாக நமது நாட்டோடு தொடர்புடைய செய்தி ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்.

உரோமப் பேரரசன் குளோடியஸ் கி.பி. 41 முதல் 54 வரை ஆண்டவன். அவனுடைய காலத்திலே இலங்கையிலிருந்து நால்வர் கொண்ட தூதுக்குழு ஒன்று உரோமாபுரிக்குச் சென்றது. இச்செய்தியை எழுதிவைத்தவர் மூத்த பிளினி என்னும் இலத்தீன் அறிஞர். முப்பத்தேழு நூல்களாக விரிந்த ‘இயற்கை வரலாறு’ என்ற அவருடைய பெருந்தொகுப்பின் ஆறாம் நூலில் இது இடம்பெற்றுள்ளது. கிரேக்கரும் உரோமரும் இலங்கையைத் தப்ரபேன் என்று அழைத்தனர்.

தூதுக்குழு சென்ற வரலாறு ஒரு கதைபோல இருக்கும். அன்னியஸ் புளோகாமஸ் என்பவர் செங்கடல் பகுதியில் வரி அறவிடும் உரிமையை அரச திறைசேரியிடம் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவரிடம் அடிமையாக இருந்து விடுதலை பெற்ற ஒருவன் அராபியக் கரையோரமாகக் கப்பலிற் சென்றபோது காற்றினால் அள்ளுண்டு, பதினைந்தாம் நாள் இலங்கைத் துறையொன்றை வந்தடைந்தான். இங்கிருந்த மன்னன் அவனை ஆறு மாத காலம் விருந்தினனாக வைத்து உபசரித்தான். அவனும் இந்நாட்டு மொழியைக் கற்று, மன்னன் கேட்ட கேள்விகளுக்கு விடை சொன்னான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை மன்னன் நிறுத்துப் பார்த்தான். காசுகளிற் பொறித்திருந்த முகங்கள் வெவ்வேறு அரசர்களுடையவை. எடையோ ஒன்றாகவே இருந்தது. ஆட்சி மாறினும் நேர்மை மாறாத நாடு போலும் என்று வியந்தே மன்னன் தூதரை அனுப்பினான் என்கிறார் பிளினி.

இந்தப் புளோகாமஸ் கற்பனைப் பாத்திரம் அல்லர். அவருடைய அடிமைகளில் வேறொருவன் கி.பி. 6 அளவில் எகிப்தின் கிழக்குப் பாலைவனத்து வணிகப் பாதையில் தன் பெயரையும் எசமானின் பெயரையும் பாறையிலே பொறித்துவிட்டுச் சென்றிருக்கிறான். அந்த எழுத்துகள் பிற்காலத்திற் கண்டுபிடிக்கப்பட்டன.

தூதர் வாயிலாக அறிந்தவை என்று பிளினி சொல்பவற்றை என் சொற்களிலே சுருக்கித் தருகிறேன். தப்ரபேனில் எவரிடமும் அடிமை இல்லை. விடிந்த பின்னும் பகலிலும் எவரும் உறங்குவதில்லை. கட்டடங்கள் நிலத்திலிருந்து அதிகம் உயர்வதில்லை. தானியத்தின் விலை ஏறுவதே இல்லை. நீதிமன்றமும் இல்லை, வழக்கும் இல்லை. மக்களே மன்னனைத் தெரிவு செய்கின்றனர். முதுமையும் இரக்கமும் உடையவனாய், பிள்ளை இல்லாதவனாய் அவன் இருத்தல் வேண்டும். பின்னர் பிள்ளை பிறந்தால் முடி துறக்க வேண்டும். அரசுரிமை குடும்பச் சொத்தாகிவிடக் கூடாதல்லவா! முப்பது ஆலோசகரை மக்கள் அவனுக்குக் கொடுக்கின்றனர். அவர்களுட் பெரும்பான்மையோர் இசையாமல் எவருக்கும் மரணதண்டனை இல்லை. அதன் பின்னும் மக்களிடம் மேன்முறையீடு செய்யலாம்.

இதை ஒருமுறை வகுப்பிலே சொன்னபோது மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், அப்படியொரு நாடாகவா நாங்கள் இருந்தோம்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. மகாவம்சத்தைப் புரட்டினால் அரசுரிமை தந்தை, தம்பி, மகன் என்றே பெரும்பாலும் செல்வதைக் காண்கிறோம். ஆகவே பிளினியின் சித்திரத்தை அப்படியே நம்புவதற்கில்லை. “நாங்கள் அப்படி இருந்தோமோ இல்லையோ, உரோமர் அப்படி இருக்கவில்லை. அதனாற்றான் அவர் இதை எழுதினார்” என்று அவனுக்கு விடை சொன்னேன். அந்த விடையை விரித்துச் சொல்வதே இன்றைய பேச்சு.

முதலிலே வீட்டை எடுத்துக்கொள்வோம். உரோமாபுரியின் மக்கள்தொகை ஓகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் என்று ஆய்வாளர் மதிப்பிடுவர். நடுமுற்றமும் தூண்களும் நீர்த்தொட்டியும் கொண்ட இல்லங்கள் செல்வர் சிலருக்கே உரியவை. ஏனையோர் மாடி மேல் மாடியாக எழுந்த வாடகைக் குடியிருப்புகளில் அடைந்து கிடந்தனர். வீதியோரக் கட்டடங்கள் எழுபது அடிக்கு மேற் போகக் கூடாது என்று ஓகஸ்டஸ் சட்டம் இடவேண்டி வந்ததென்றால் அவை எவ்வளவு உயர்ந்திருக்க வேண்டும்! கீழ்த்தளத்திற் கடைகள். மேலே செல்லச் செல்ல வாடகை குறையும், ஆபத்துக் கூடும். மேல் மாடிகளுக்குத் தண்ணீர் ஏறாது. வீதியிலுள்ள பொதுத் தொட்டியிலிருந்து குடத்திற் சுமக்க வேண்டும். பெரும்பாலான அறைகளிற் சமைக்கவும் வசதி இல்லை. எனவே ஏழைகள் தெருக்கடையிலே சூடாக ஏதேனும் வாங்கி உண்டனர்.

இக்கட்டடங்கள் இடிந்து விழுவதும் தீப்பிடிப்பதும் வழக்கம். நாவலர் சிசரோ தம் நண்பருக்கு எழுதிய கடிதம் ஒன்றில், தமக்குச் சொந்தமான இரு கடைகள் விழுந்துவிட்டதையும் மற்றவை வெடித்திருப்பதையும் குறிப்பிட்டு, குடியிருந்தவர்களோடு எலிகளும் வெளியேறிவிட்டன என்று வேடிக்கையாகச் சொல்கிறார். குடியிருந்தவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திராது. பெருஞ்செல்வர் கிராசஸ், தீப்பற்றிய கட்டடங்களையும் அவற்றின் அயலிலுள்ளவற்றையும் அற்ப விலைக்கு வாங்கி, தம்மிடமிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட கட்டடத் தொழில் அடிமைகளைக் கொண்டு திருத்திச் செல்வம் பெருக்கினார் என்று புளூட்டாக் எழுதுகிறார். கி.பி. 64இல் நீரோ காலத்தில் மூண்ட பெருந்தீ, நகரின் பதினான்கு வட்டாரங்களில் மூன்றை முற்றாக அழித்தது, ஏழைச் சிதைத்தது. நான்கே தப்பின. இப்படிப்பட்ட ஊரிலே வாழ்ந்தவருக்குத் தாழ்ந்த கூரைகளைப் பற்றிக் கேட்பது ஆறுதலாய் இருந்திருக்கும்.

அடுத்தது தானியம். உரோமருக்குக் கோதுமைதான் உயிர். சிசிலி, வட ஆபிரிக்கா, எகிப்து ஆகிய நாடுகளிலிருந்து அது கப்பலில் வந்தாக வேண்டும். கடல் கொந்தளித்தால் நகரம் பட்டினி. கி.மு. 123இல் மக்கட் தலைவர் காயஸ் கிராக்கஸ், குடிமக்களுக்குக் குறைந்த விலையிலே தானியம் வழங்கச் சட்டம் இயற்றினார். கி.மு. 58இல் அது இலவசமாயிற்று. யூலியஸ் சீசர் கணக்கெடுத்தபோது இலவசத் தானியம் பெறுவோர் 3,20,000 பேர் இருந்தனர். அவர் அதனை 1,50,000 ஆகக் குறைத்தார். ஓகஸ்டஸ் காலத்தில் அது இரண்டு இலட்சம் அளவில் நின்றது. ஆளுக்கு மாதம் ஐந்து மோடியஸ், அதாவது ஏறத்தாழ 33 கிலோகிராம்.

எந்தக் குளோடியஸிடம் நமது தூதர் சென்றனரோ, அந்தக் குளோடியஸே இவ்விடயத்திற் பட்ட பாடு ஒன்று உண்டு. கி.பி. 51இல் பஞ்சம் வந்தபோது நகரிலே பதினைந்து நாளுக்கான தானியமே எஞ்சியிருந்தது. நகரின் நடுவே உள்ள பொதுமன்றத்தில் மக்கள் பேரரசனைச் சூழ்ந்து வசைபாடி, பாண் துண்டுகளால் எறிந்தனர். அவன் பின்வாயில் வழியாக அரண்மனைக்குள் நுழைந்து தப்பினான். அதன் பின்னர் மாரிக்காலத்திலே கப்பல் விடும் வணிகருக்குப் புயலால் நட்டம் வந்தால் அதனைத் தானே ஈடுசெய்வதாக உறுதியளித்தான். அதற்கு முன்பே கி.பி. 42இல் ஒஸ்தியாவுக்கு அருகிற் பெரிய துறைமுகம் ஒன்றைக் கட்டத் தொடங்கியிருந்தான். உலகை ஆண்ட நகரம் அடுத்த கப்பலை எதிர்பார்த்தே உயிர்வாழ்ந்தது. விலை ஏறாத தானியம் என்பது அவர்களுக்கு ஒரு கனவு.

மூன்றாவது அடிமை முறை. இதுவே உரோம வாழ்வின் அடித்தளம். போரிற் பிடிபட்டோர், கடற்கொள்ளையரிடம் அகப்பட்டோர், அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்தோர் யாவரும் சந்தைப் பொருள்கள். வேளாண்மை நூலெழுதிய வாரோ, பண்ணைக் கருவிகளைப் பகுக்கும்போது பேசாத கருவி, அரைகுறையாய் ஒலியெழுப்பும் கருவி, பேசும் கருவி என்று மூன்றாகக் காட்டுகிறார். வண்டி முதலாவது, எருது இரண்டாவது, அடிமை மூன்றாவது. முதிய அடிமையையும் நோயுற்ற அடிமையையும் கிழட்டு எருதுகளோடு சேர்த்து விற்றுவிடும்படி அவருக்கு முன்னரே காற்றோ அறிவுரை கூறியிருந்தார். கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். கி.மு. 71இல் கிளர்ச்சி அடக்கப்பட்டபோது கப்புவாவிலிருந்து உரோம் வரை நீண்ட வீதியோரத்தில் ஆறாயிரம் பேர் சிலுவையில் அறையப்பட்டனர்.

பிளினியின் வாழ்நாளிலேயே நடந்த இன்னொரு நிகழ்ச்சி இதைவிட நெஞ்சை உறுத்துவது. கி.பி. 61இல் நகர ஆளுநர் பெடானியஸ் செக்குண்டஸை அவருடைய அடிமைகளில் ஒருவன் கொன்றுவிட்டான். எசமானை வீட்டடிமை கொன்றால் அவ்வீட்டின் அடிமைகள் அனைவரையும் கொல்ல வேண்டும் என்பது பழைய வழமை. அவ்வீட்டில் இருந்தவர்கள் நானூறு பேர்; பெண்களும் சிறுவரும் அதில் அடக்கம். நகரத்து ஏழை மக்கள் வீதியில் இறங்கி, குற்றமற்றவரைக் கொல்லாதீர்கள் என்று ஆர்ப்பரித்தனர். செனற் சபையிலே காயஸ் கசியஸ் என்ற பெரும் சட்ட அறிஞர் எழுந்து, அச்சத்தினாலன்றி இந்தக் கூட்டத்தை அடக்க முடியாது என்ற பொருள்பட வாதாடினார். சபை அவர் பக்கம் சாய்ந்தது. கல்லும் தீப்பந்தமும் ஏந்தித் தடுத்த மக்களை விலக்க நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தினான். நானூறு பேரும் கொல்லப்பட்டனர்.

ஆயினும் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். உரோமக் குடிமகன் ஒருவன் தன் அடிமையை முறைப்படி விடுதலை செய்தால் அவனும் குடிமகனாவான். அவனுடைய மகன் பதவிக்கும் வரலாம். குளோடியஸின் அரண்மனையில் அலுவல்களை நடத்திய நார்சிசஸ், பல்லாஸ் போன்றோர் விடுதலை பெற்ற அடிமைகளே. நோயுற்ற அடிமையை எசமான் கைவிட்டு, அவன் பிழைத்துக்கொண்டால் அவன் சுதந்திரன் என்று ஆணையிட்டவனும் குளோடியஸே. அடிமையே இல்லாத நாடு என்று உரோமருக்குச் சொல்லப்பட்ட இலங்கையிற் கால் வைத்தவன் ஒரு முன்னாள் அடிமை என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

பகலுறக்கம் பற்றி ஒரு சொல். உரோமர் சூரியன் எழுந்தது முதல் மறையும் வரையுள்ள பொழுதைப் பன்னிரண்டு மணிகளாகப் பகுத்தனர். ஆகவே கோடையில் ஒரு மணி நீண்டது, மாரியிலே குறுகியது. விடியற்காலையில் எளியோர் தம் புரவலரின் வாயிலிற் கூடி வணக்கம் சொல்லி, உணவோ சிறு காசோ பெற்றுச் செல்வர். நண்பகலில் ஓய்வு. பிற்பகலிற் பொதுக் குளிப்பிடம். பின்னர் முக்கிய உணவு. பிளினியோ நேரத்தைப் பொன்னாகக் காத்தவர். விடியுமுன்பே வேலையைத் தொடங்குவார். உண்ணும்போதும் உடல் துவட்டும்போதும் எவரேனும் அருகிலிருந்து நூல் வாசிக்க வேண்டும். அவருடைய சகோதரியின் மகனான இளைய பிளினி இவற்றையெல்லாம் எழுதியிருக்கிறார். அந்த மாமனாரும் நண்பகலிற் சிறிது கண்ணயர்வார் என்ற உண்மையையும் மருமகன் மறைக்கவில்லை!

இனி வழக்கும் சட்டமும். உரோமர் உலகுக்கு விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் அவர்களுடைய சட்டமே. அது எளிதிற் கிடைத்ததன்று. கி.மு. 509இல் மன்னராட்சியை ஒழித்துக் குடியரசை நிறுவினர் என்பது அவர்களுடைய மரபு. மன்னனுக்குப் பதிலாக ஆண்டுக்கு இரண்டு கொன்சல்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். எனினும் அதிகாரம் பற்றீசியர் எனப்பட்ட உயர்குடியினர் கையிலேயே இருந்தது. பிளேபியர் எனப்பட்ட பொதுமக்கள் போருக்கு மட்டும் வேண்டப்பட்டனர். கடன்பட்டவன் சங்கிலியிற் கட்டுண்டான். கி.மு. 494இல் பொறுமை இழந்த பொதுமக்கள் வாளெடுக்கவில்லை. எல்லோருமாக நகரத்தை விட்டு வெளியேறிப் புனிதமலை என்ற குன்றிலே போய் அமர்ந்துவிட்டனர். படையில்லாத நகரம் நடுங்கியது. பேச்சுவார்த்தையின் முடிவிலே, பொதுமக்களைக் காக்கத் திரிபியூன் என்ற பதவி உருவாயிற்று. அவரைத் தொட்டவன் தெய்வ குற்றத்துக்கு ஆளானவன். அதிகாரிகளின் செயலைத் தடுத்து நிறுத்தும் உரிமையும் அவருக்குக் கிடைத்தது. ‘வீற்றோ’ என்று இன்றும் நாம் சொல்லும் சொல்லுக்கு இலத்தீனில் ‘தடுக்கிறேன்’ என்பதே பொருள்.

கி.மு. 451, 450ஆம் ஆண்டுகளிற் சட்டங்கள் பன்னிரண்டு பலகைகளில் எழுதிப் பொதுமன்றத்தில் வைக்கப்பட்டன. அவை கடுமையான சட்டங்கள்தாம். ஆனால் எழுதப்பட்டுவிட்டதால் உயர்குடி நீதிபதி தன் மனம்போனபடி சட்டம் இதுவென்று சொல்ல முடியாது போயிற்று. தம் இளமையில் மாணவர்கள் அவற்றை மனனம் செய்தனர் என்கிறார் சிசரோ. பின்னர் கி.மு. 367இல் கொன்சல் பதவி பொதுமக்களுக்கும் திறந்தது. கி.மு. 287இல் பொதுமக்கள் அவையின் தீர்மானம் அனைவரையும் கட்டுப்படுத்தும் சட்டமாயிற்று. குடிமகனுக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டால் மக்களிடம் மேன்முறையீடு செய்யும் உரிமையும் இருந்தது. பிளினி தப்ரபேனிலே கண்டதாகச் சொன்ன உரிமை இதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

குறையும் இருந்தது. கொன்சல்களைத் தெரிவு செய்த பேரவை 193 பிரிவுகளாக வாக்களித்தது. அவற்றிற் குதிரைவீரர் வகுப்பும் முதலாம் செல்வ வகுப்பும் சேர்ந்து 98 பிரிவுகள். அவை ஒன்றுபட்டால் தேர்தல் அங்கேயே முடிந்துவிடும். ஏழைகளின் முறை வராது. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கே இல்லை. நிலமற்றோருக்கு நிலம் பங்கிட முயன்ற ரைபீரியஸ் கிராக்கஸ் கி.மு. 133இல் அடித்துக் கொல்லப்பட்டார். தெய்வ குற்றம் என்ற பழைய அச்சம் அந்தத் திரிபியூனைக் காக்கவில்லை. அவருடைய தம்பி காயஸ் கி.மு. 121இல் மாண்டார். அதன்பின் வாக்குக்குப் பதிலாக வாள் பேசிற்று.

உள்நாட்டுப் போர்களின் முடிவில் ஓகஸ்டஸ் வென்றான். கி.மு. 27இல் குடியரசை மீட்டுத் தந்துவிட்டதாகக் காட்டிக்கொண்டான். செனற் சபை கூடியது, கொன்சல்கள் பதவியேற்றனர், பெயர்களெல்லாம் பழைய பெயர்களே. படையும் பணமும் அவனிடம் இருந்தன. திரிபியூனுக்குரிய அதிகாரத்தையும் தானே வைத்துக்கொண்டான். மக்களைக் காக்கப் பிறந்த அதிகாரம் பேரரசனின் கவசமாயிற்று. கி.பி. 14இல் ரைபீரியஸ் ஆட்சிக்கு வந்தபோது பதவியாளரைத் தெரிவு செய்யும் வேலை மக்களிடமிருந்து செனற் சபைக்கு மாற்றப்பட்டது. வெற்று முணுமுணுப்பைத் தவிர மக்கள் எதிர்ப்பேதும் காட்டவில்லை என்று வரலாற்றாசிரியர் தசிற்றஸ் எழுதுகிறார். தானியம் கிடைத்தது. தேரோட்டமும் வாட்போர்க் காட்சியும் கிடைத்தன. ஒருகாலத்தில் ஊரையே விட்டு வெளியேறித் தம் உரிமையைப் பெற்றவர்களின் வழித்தோன்றல்கள் அரங்கின் படிக்கட்டுகளில் அமர்ந்திருந்தனர்.

கி.பி. 41இல் காலிகுலா மெய்க்காவலரால் வெட்டுண்டு இறந்தான். குடியரசை மீட்கலாமா என்று செனற் சபை விவாதித்துக்கொண்டிருக்க, திரைக்குப் பின்னே ஒளிந்திருந்த குளோடியஸை இழுத்து வந்து பேரரசனாக்கினர் படைவீரர். நமது தூதர் கண்ட பேரரசன் இப்படித் தெரிவானவன். அடுத்து வந்த நீரோ உயிரை மாய்த்துக்கொண்டான். கி.பி. 69இல் ஒரே ஆண்டிலே நால்வர் அரியணையில் இருந்தனர். நான்காமவன் வெஸ்பாசியன். தனக்குப் பின் தன் மக்களே ஆள்வர் என்று அவன் உறுதியாக நின்றான். ஆட்சியைத் துணிந்து விமர்சித்த செனற்றர் ஹெல்விடியஸ் நாடுகடத்தப்பட்டுப் பின் கொல்லப்பட்டார்.

பிளினி வெஸ்பாசியனின் நண்பர், அவனுடைய கடற்படைத் தளபதி. கி.பி. 77இல் தம் பெருநூலை வெஸ்பாசியனின் மகன் தீத்தஸுக்கே காணிக்கையாக்கினார். அந்த நூலுக்குள்ளேதான், அரசு தந்தையிடமிருந்து மகனுக்குப் போகக் கூடாது என்று விதித்த ஒரு நாடு இருக்கிறது! உரோமைப் பற்றிச் சொல்ல முடியாததைத் தொலைதூரத் தீவின் மேலேற்றி அறிந்தே சொன்னாரா, தூதரின் சொற்களைத் தம் ஏக்கத்துக்கேற்பக் கேட்டுக்கொண்டாரா? எப்படியாயினும் அந்தப் பக்கங்களை வாசித்த உரோமனுக்குத் தன் நாடு இழந்துவிட்டவை யாவை என்பது விளங்கியிருக்கும். நமது மன்னன் வியந்த அந்த வெள்ளிக் காசும் அதற்குள் மாறிவிட்டது. முன்னர் ஓர் இறாத்தல் வெள்ளியில் 84 காசுகள் அடித்தனர். நீரோ கி.பி. 64 அளவில் 96 ஆக்கி எடையைக் குறைத்தான்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது மக்களை மீட்கக் கப்பலோடு சென்ற பிளினி அங்கேயே உயிர் துறந்தார். அதே எரிமலையின் சாம்பல் மூடிப் பாதுகாத்த பொம்பேயி நகரத்துச் சுவர்களில், ஊர்த் தேர்தலுக்காக எழுதப்பட்ட அறிவித்தல்கள் ஆயிரக்கணக்கிற் கிடைத்துள்ளன. இவருக்கு வாக்களியுங்கள் என்று பாண் சுடுவோரும் பழ வணிகரும் துணி வெளுப்போரும் எழுதியிருக்கின்றனர். வாக்கில்லாத பெண்கள் சிலருடைய பெயர்களும் ஆதரவாளராகக் காணப்படுகின்றன. தலைநகரிலே அணைந்துபோன விளக்கு சிற்றூரில் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பிளினி தப்ரபேனைப் பற்றிச் சொன்ன இன்னொரு செய்தியோடு நிறைவு செய்கிறேன். மன்னன் பிழை செய்தால் அவனுக்கும் மரணதண்டனை உண்டாம். ஆனால் எவரும் அவன்மேற் கைவைப்பதில்லை. எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வர். அவனோடு பேச மறுப்பர். அதனாலேயே அவன் மாண்டுபோவான். இலங்கையில் இப்படி நடந்ததோ இல்லையோ, உரோமர் இதை நன்கு அறிந்திருக்க வேண்டும். கி.மு. 494இல் அவர்களுடைய முன்னோர் புனிதமலைக்கு நடந்தபோது செய்தது இதைத்தான். அநீதிக்கு முகங்கொடுக்க மறுத்து அன்று திரும்பி நடந்தார்கள். அதனால் உரிமை பெற்றார்கள். கி.பி. 14இல் முணுமுணுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். உரோமரின் நீண்ட வரலாற்றில் நாம் படித்துக்கொள்ள வேண்டிய பாடம் இந்த இரண்டு ஆண்டுகளுக்கும் இடையில் இருக்கிறது.